பொருந்தினால் போதுமா? ஆர்எஃப் கனெக்டர்கள் பற்றி முதலில் இருந்து

கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ ஒரு இலத்திரனியல் சாமான் கடைக்குப் போய் "அன்ரெனா வயருக்கு ஒரு பின் தாங்கோ" என்று கேட்டால், கடைக்காரர் திருப்பிக் கேட்பது பெரும்பாலும் "ரீவிக்கோ?" என்றுதான். ஆம் என்றால் டிஷ் வயர் நுனியில் திருகும் சின்னப் பின் ஒன்று கைக்கு வரும். இல்லை என்றால் ஒரு பெட்டி வரும். அதற்குள் பல சாதிச் சாமான் கலந்து கிடக்கும், "இதுக்குள்ள பொருந்துறதைப் பாருங்கோ" என்பார். நாமும் திருகிப் பார்த்து, பொருந்தியதை எடுத்துக்கொண்டு வந்துவிடுவோம். வீட்டு வேலைக்கு இது பெரும்பாலும் பழுதில்லை. ஒஸிலஸ்கோப் (மின் அலையைத் திரையில் வரைந்து காட்டுவது), சிக்னல் ஜெனரேற்றர் (சோதனைக்கான அலையை உண்டாக்குவது) போன்ற அளவுக் கருவிகள் பக்கம் வந்தால்தான் இந்த முறை ஆளைக் கவிழ்க்கும்.

முன்பென்றால் இது ஆய்வுகூடங்களுக்குள் இருந்த சங்கதி. இப்போது அறிவியல்நகரில் யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது, வவுனியா வளாகம் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது, அதைவிட உள்ளங்கைக்குள் அடங்கும் நானோ விஎன்ஏ (அலையை அனுப்பி எவ்வளவு திரும்பி வருகிறது என்று அளப்பது) போன்ற மலிவுக் கருவிகளை ஒன்லைனில் எடுத்து வைத்துக்கொண்டு வீட்டிலேயே அன்ரெனா கட்டுகிற பெடியளும் இருக்கிறார்கள். எல்லோரும் கனெக்டர் பற்றிக் கதைக்கிறோம். கதைக்கும்போது அடியில் ஒரு பிழையான எண்ணம் ஓடுகிறது: கனெக்டர் என்பது இரண்டு வயர்களைத் தொடவைக்கிற பொருள், தொட்டால் வேலை முடிந்தது. இந்த ஒரு எண்ணத்தை மாற்றினாலே மற்றக் குழப்பங்களில் பாதி தானாகக் கழன்றுவிடும்.

## கரண்ட் பிளக் வேறு, இது வேறு

சுவரில் வரும் மின்சாரம் விநாடிக்கு 50 தடவை துடிக்கிறது. விநாடிக்கு எத்தனை துடிப்பு என்பதுதான் மீடிறன், அதன் அலகு ஹேர்ட்ஸ். ஒரு துடிப்பு முடிவதற்குள் அலை எவ்வளவு தூரம் ஓடுகிறதோ அது அலைநீளம். 50 ஹேர்ட்ஸுக்கு அது ஏறத்தாழ 6000 கிலோமீற்றர். இலங்கையின் முழு நீளமே 435 கிலோமீற்றருக்குள்தான். ஆகவே உங்கள் வீட்டு வயரின் இந்த முனையில் என்ன நடக்கிறதோ அதே நேரத்தில் மறுமுனையிலும் அதுவேதான் நடக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். பிளக் சதுரமாக இருந்தால் என்ன, வட்டமாக இருந்தால் என்ன, பித்தளை பித்தளையை இறுக்கமாகத் தொட்டால் சரி.

ஆர்எஃப் என்று சொல்வது ரேடியோ அலைகளுக்குப் பயன்படும் மீடிறன்களை. அங்கே கணக்கு வேறு. 100 மெகாஹேர்ட்ஸ் பக்கத்தில் இருக்கும் எஃப்எம் வானொலிக்கு அலைநீளம் 3 மீற்றர். (மெகா என்றால் பத்து இலட்சம், கிகா என்றால் நூறு கோடி.) 2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபைக்கு 12.5 சென்ரிமீற்றர். 10 கிகாஹேர்ட்ஸுக்கு வெறும் 3 சென்ரிமீற்றர். இது வெளியில். கேபிளுக்குள் இருக்கும் பிளாஸ்ரிக் அலையை மெதுவாக்கும், சாதாரண கேபிள்களில் ஒளியின் வேகத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் வரும், எனவே அந்த 3 சென்ரிமீற்றர் 2 ஆகிவிடும். இப்போது உங்கள் கையில் இருக்கும் கனெக்டரின் நீளத்தைப் பாருங்கள், அதுவும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அலையின் கணக்கில் அது ஒரு தொடுபுள்ளி இல்லை, ஒரு முழு அலைநீளப் பாதை. அந்தப் பாதைக்குள் வடிவம் எப்படி இருக்கிறது என்பது அலைக்கு முழுக்கத் தெரியும்.

## வாய்க்காலில் ஓடும் அலை

இரணைமடுத் தண்ணீர் வரும் சீமெந்து வாய்க்கால் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். மதகைச் சட்டென்று உயர்த்தினால் தண்ணீரின் முகப்பு ஒரு அலையாக வாய்க்கால் வழியே ஓடும். வாய்க்கால் நெடுக ஒரே அகலம், ஒரே ஆழம் என்றால் அலை தன்பாட்டில் போய்க்கொண்டிருக்கும். நடுவில் ஓரிடத்தில் ஒடுங்கினால், அல்லது திடீரென்று அகன்றால், அலையில் ஒரு பங்கு அந்த இடத்தில் அடித்துத் திரும்பி வரும். முழுதாகப் பலகை போட்டு அடைத்திருந்தால் முழு அலையும் திரும்பும். இதில் கவனிக்க வேண்டியது, தண்ணீர் எங்கும் ஒழுகவில்லை, வாய்க்கால் உடையவும் இல்லை. வடிவம் மாறியது, அவ்வளவுதான், அதற்கே அலை திரும்பிவிட்டது.

கேபிளுக்குள் நடப்பதும் இதே இயக்கம்தான். திரும்பி வரும் அந்தப் பங்குக்குத் தெறிப்பு என்று பெயர். ரேடியோவில் தெறிப்பு என்றால் அனுப்பிய சக்தியில் கொஞ்சம் அன்ரெனாவுக்குப் போகாமல் வீடு திரும்புகிறது. அளவுக் கருவியில் தெறிப்பு இன்னும் மோசம், ஏனென்றால் போகும் அலையும் திரும்பும் அலையும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, நீங்கள் அளக்கும் எண்ணே பொய்யாகிவிடும்.

## 50 ஓம் எங்கே இருக்கிறது?

டிஷ் வயரை வெட்டி நுனியைப் பாருங்கள். நடுவில் ஒரு கம்பி. அதைச் சுற்றி வெள்ளைப் பிளாஸ்ரிக். அதற்கு மேல் அலுமினியத் தாளும் பின்னிய கம்பி வலையும். எல்லாவற்றுக்கும் மேல் கறுப்போ வெள்ளையோ ஒரு தோல். ஒரே அச்சில் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும் இந்த அமைப்புக்குத்தான் கோஅக்சியல் என்று பெயர். அலை ஓடுவது நடுக்கம்பிக்கும் வலைக்கும் இடைப்பட்ட அந்தப் பிளாஸ்ரிக்குக்குள். உலோகங்கள் இரண்டும் கரைகள்.

இந்தப் பாதையின் "அகலத்தை"ச் சொல்லும் எண்தான் இம்பீடன்ஸ். கேபிளில் ஓடும் அலையின் வோல்ற்றளவை அதே அலையின் மின்னோட்டத்தால் வகுத்தால் வருவது, அலகு ஓம். அதைத் தீர்மானிப்பவை இரண்டே விஷயங்கள்: வெளி உலோகத்தின் உள்விட்டம் நடுக்கம்பியின் விட்டத்தைப் போல் எத்தனை மடங்கு என்பதும், நடுவில் நிரப்பியிருப்பது என்ன என்பதும். நடுவில் வெறும் காற்று என்றால் 2.3 மடங்குக்கு 50 ஓம் வரும், ஏறத்தாழ 3.5 மடங்குக்கு 75 ஓம் வரும். கேபிள் எத்தனை மீற்றர் நீளம் என்பது இந்தக் கணக்கில் வரவே வராது.

இங்கேதான் கனபேர் தடுக்குப்படுவது. "50 ஓம் கேபிள் என்று வாங்கினேன், மல்டிமீற்றர் வைத்தால் 50 காட்டவில்லை, போலிச் சாமான்" என்று ஒரு முறைப்பாடு அடிக்கடி காதில் விழும். நடுக்கம்பிக்கும் வலைக்கும் இடையில் மீற்றர் வைத்தால் எதுவும் காட்டாது, காட்டவும் கூடாது, நடுவில் பிளாஸ்ரிக் அல்லவா இருக்கிறது. மல்டிமீற்றர் அளப்பது எல்லாம் அடங்கிய பிறகு இருக்கும் நிலையை. 50 ஓம் என்பது ஓடுகிற அலைக்கு மட்டும் தெரியும் எண், அலை மறுமுனைக்குப் போய்த் திரும்பி வரும்வரை மட்டும். ஒரு மீற்றர் கேபிளில் அந்தப் பயணம் சுமார் 10 நனோவிநாடி. மல்டிமீற்றர் கண் விழிப்பதற்குள் அது எப்போதோ முடிந்துவிடும்.

ஏன் 50, ஏன் 75 என்றும் கேட்பார்கள். காற்று நிரப்பிய கேபிளில் கூடிய சக்தியைத் தாங்குவது 30 ஓம் பக்கம், மிகக் குறைந்த இழப்பு 77 ஓம் பக்கம். 50 இரண்டுக்கும் நடுவில் செய்துகொண்ட சமரசம், ரேடியோக்களும் அளவுக் கருவிகளும் அதைப் பிடித்துக்கொண்டன. ரீவிக்காரருக்குச் சக்தியை விட இழப்புத்தான் கவலை, அவர்கள் 75 பக்கம் போனார்கள்.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: உயர் மீடிறனில் அலைநீளம் கனெக்டர் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது, பாதையின் வடிவம் மாறும் இடத்தில் அலை தெறிக்கிறது, அந்த வடிவத்துக்கான எண் இம்பீடன்ஸ்.

## கனெக்டரும் கேபிளில் ஒரு துண்டுதான்

இனிக் கனெக்டர் என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவு. கழற்றிப் பூட்டக்கூடியதாக இருக்க வேண்டும், ஆனால் கழற்றிப் பூட்டுகிற அந்த இடத்திலும் நடுக்கம்பிக்கும் வெளிச்சுவருக்கும் இடையிலான விகிதம் மாறாமல், கேபிள் அறுபடாமல் தொடர்வது போலவே அலைக்குத் தெரிய வேண்டும். நல்ல கனெக்டர்களின் விலை ஏறுவது தங்கப் பூச்சினால் மட்டும் இல்லை. உள்ளே பின்னின் விட்டம், அதைத் தாங்கும் வெள்ளை வளையத்தின் அளவு, இரண்டு முகங்களும் சந்திக்கும் இடத்தில் இடைவெளி விழாமை, இவை எல்லாவற்றையும் நூறில் ஒரு பங்கு மில்லிமீற்றர் கணக்கில் கடைந்து எடுப்பதில்தான் காசு போகிறது.

இதைச் செய்யாத கனெக்டருக்கு நல்ல உதாரணம் பிஎல்-259. பழைய ரேடியோக்களிலும் சிபி (27 மெகாஹேர்ட்ஸ் பக்கத்தில் பொதுமக்கள் பேசும் ரேடியோ) செற்களிலும் படகு விஎச்எஃப் ரேடியோக்களிலும் காணும் தடித்த திருகுப் பிளக். 1930களில் வந்தது, இதற்கு யுஎச்எஃப் கனெக்டர் என்றே பெயர், ஆனால் இன்று யுஎச்எஃப் என்று சொல்லும் 300 மெகாஹேர்ட்ஸுக்கு மேற்பட்ட பகுதிக்கு இது சரிவராது. உள்ளே விகிதத்தைக் காப்பாற்ற யாரும் அதில் முயலவே இல்லை. அதற்காகக் கெட்ட சாமான் என்று எறிய வேண்டாம். 27 மெகாஹேர்ட்ஸில் அலைநீளம் 11 மீற்றர், அதில் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் ஒடுக்கம் ஒரு பொருட்டே இல்லை. கடலுக்குப் போகும் படகில் ஈரக்கையால் திருகக்கூடிய, இழுபட்டாலும் கழராத ஒன்றுதான் தேவை, அங்கே அது ராசா. அதே கனெக்டரை 2.4 கிகாஹேர்ட்ஸில் வைத்து அளந்துவிட்டு அன்ரெனா சரியில்லை என்று சொல்வதுதான் அநியாயம்.

## பிஎன்சி: எல்லோருக்கும் தெரிந்தது, எல்லோரும் பிழையாக நம்புவது

ஒஸிலஸ்கோப்பின் முகத்தில் வரிசையாக இருக்கும், தள்ளிக் கால்வட்டம் முறுக்கினால் பூட்டிக்கொள்ளும் அதுதான் பிஎன்சி. பெல் லாப்ஸில் இருந்த போல் நீல், அம்பெனோல் நிறுவனத்தின் கார்ல் கொன்செல்மன் இருவரின் பெயரையும் சுமக்கும் கனெக்டர். ஒரு கையால் பூட்டலாம், தவறுதலாகக் கழராது, 4 கிகாஹேர்ட்ஸ் வரை ஒழுங்காக நடக்கும். மேசையில் நாளுக்கு ஐம்பது தடவை கழற்றிப் பூட்டுவதற்கு இதைவிட நல்லது இன்னும் வரவில்லை என்பது என் எண்ணம்.

பிழையான நம்பிக்கை என்னவென்றால், பிஎன்சி இருந்தால் அந்த வாசல் 50 ஓம். இல்லை. ஒஸிலஸ்கோப்பின் சாதாரண வாசல் 1 மெகாஓம், கூடவே பதினைந்து இருபது பிகோபரட் கொள்ளளவம். கனெக்டர் 50 ஓம் பாதையைத் தருகிறது, பாதை முடியும் இடத்தில் என்ன இருக்கிறது என்பது கருவியின் பாடு. புதிதாக ஆய்வுகூடத்துக்கு வரும் பிள்ளைகள் கேட்கும் கேள்வி இது: "அண்ணை, ஜெனரேற்றர் 1 வோல்ற் எண்டுது, ஸ்கோப் 2 வோல்ற் காட்டுது, எது பழுது?"

இரண்டும் பழுதில்லை. ஜெனரேற்றருக்குள் 50 ஓம் தடை ஒன்று தொடரில் இருக்கிறது. வெளியிலும் 50 ஓம் வரும் என்று நம்பி, பாதி வோல்ற்றளவு தனக்குள்ளேயே விழும் என்று கணக்குப் போட்டு, உள்ளே 2 வோல்ற் உண்டாக்கிவிட்டுத் திரையில் 1 என்று எழுதுகிறது. நீங்கள் பூட்டியது 1 மெகாஓம். உள்ளே எதுவும் விழவில்லை, முழு 2 வோல்ற்றும் வெளியே வருகிறது. ஜெனரேற்றரின் பட்டியலில் வெளிச்சுமையை "ஹை இசட்" (மிக உயர்ந்த இம்பீடன்ஸ்) என்று மாற்றினால் திரையில் எழுதும் எண் உண்மையோடு ஒத்துப்போகும். அல்லது ஸ்கோப் வாசலில் 50 ஓம் முடிவுத்தடை ஒன்றைப் பூட்டலாம். முடிவுத்தடை என்பது பாதையின் கடைசியில் வந்து சேரும் அலையை முழுவதும் விழுங்கி, தெறிக்க விடாமல் செய்யும் தடை. சில ஸ்கோப்புகளில் அதை ஒரு பொத்தானால் உள்ளேயே போடலாம். ஆனால் அந்த நிலையில் அது சில வோல்ற்றுக்கு மேல் தாங்காது, போட்டதை மறந்துவிட்டுப் பெரிய வோல்ற்றைக் கொடுத்தால் புகைதான்.

முடிவுத்தடையின் அருமை 1990களில் கணினி வலையமைப்பு வைத்தவர்களுக்குத் தெரியும். அப்போதைய ஈதர்நெற் மெல்லிய கோஅக்சியல் கேபிளிலும் பிஎன்சியிலும் ஓடியது, இரு முனையிலும் 50 ஓம் முடிவுத்தடை வேண்டும், ஒன்றை யாராவது கழற்றினால் முழு அலுவலகமும் படுத்துவிடும். வன்னியில் அந்தக் காலத்தில் கம்பியில் கரண்டே இல்லை, ஆகவே நாங்கள் அந்தத் தலையிடியைக் காணாமலே கடந்துவிட்டோம்.

பிஎன்சியில் 75 ஓம் வகையும் உண்டு, வீடியோவுக்கும் சிசிரிவிக்கும். 50 உடன் தாராளமாகப் பூட்டிக்கொள்ளும், பார்வைக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு வழி, முகத்துக்குள் எட்டிப் பார்ப்பது: வெள்ளைப் பிளாஸ்ரிக் நடுப்பின்னைத் தடிப்பாகச் சூழ்ந்திருந்தால் பொதுவாக 50, பிளாஸ்ரிக் குறைவாகவோ இல்லாமலோ காற்று அதிகம் இருந்தால் 75.

## எஸ்எம்ஏ: சின்னது, கோபக்காரன்

நானோ விஎன்ஏ, கணினியில் செருகும் ஆர்டிஎல்-எஸ்டிஆர் ரேடியோ டொங்கிள், தூரத்துக்குத் தரவு அனுப்பும் லோரா மொடியூல், எல்லாவற்றிலும் இருக்கும் தங்க நிறத் திருகு எஸ்எம்ஏ. 1960களில் இருந்து புழக்கத்தில் இருக்கிறது, 18 கிகாஹேர்ட்ஸ் வரை போகும். இந்த விலைக்கு அவ்வளவு உயரம் போகும் கனெக்டர் வேறில்லை. ஆனால் இது அடிக்கடி கழற்றிப் பூட்டுவதற்குச் செய்ததில்லை, ஒரு கருவிக்குள் ஒருமுறை பூட்டிவிட்டு மறந்துபோகச் செய்தது. பொதுவாக 500 தடவை என்றுதான் ஆயுள் எழுதியிருப்பார்கள், அதுவும் ஒழுங்காகப் பூட்டினால்.

ஒழுங்கு என்றால் என்ன? ஒரு கையால் கேபிளையும் கனெக்டரின் உடலையும் அசையாமல் பிடியுங்கள். நடுப்பின் நேராக உள்ளே போகட்டும். பிறகு மறுகையால் வெளி நட்டை மட்டும் சுற்றுங்கள். நம்மில் முக்கால்வாசிப்பேர் செய்வது இதன் தலைகீழ், சின்ன அடப்டர் என்றால் உடலையே பிடித்து முழுசாகச் சுழற்றுகிறோம். அப்போது உள்ளே என்ன நடக்கிறது தெரியுமா, ஆண் பக்கத்தின் பின் (நீட்டிக்கொண்டிருப்பது ஆண், துளையுள்ளது பெண்) பெண் பக்கத்தின் மெல்லிய விரல்களுக்குள் அரைந்து சுழல்கிறது, பூச்சு உரிந்து தூளாகிறது, அந்த உலோகத் தூள் வெள்ளைப் பிளாஸ்ரிக்கில் ஒட்டிக்கொள்கிறது. லென்ஸ் ஒன்றை வைத்துப் பழைய நானோ விஎன்ஏ ஒன்றின் வாசலைப் பார்த்தால் வெள்ளை வளையத்தில் சாம்பல் நிறக் கோடு வட்டமாகத் தெரியும், அது இதுதான்.

இறுக்கத்துக்கும் அளவு உண்டு. பித்தளை எஸ்எம்ஏக்கு 0.5 முதல் 0.6 நியூற்றன்மீற்றர், துருவில்லா உருக்குக்கு ஏறத்தாழ 1. இதற்கென்று 8 மில்லிமீற்றர் வாயுள்ள ரோர்க் சாவி (முறுக்கும் விசையை அளந்து இறுக்குவது) விற்கிறார்கள், அளவு வந்ததும் மடங்கிக் கொடுக்கும். இல்லாவிட்டால் விரலால் இறுக்கமாகத் திருகி, சின்னச் சாவியின் நுனியை இரண்டு விரலால் பிடித்து ஒரு சொட்டு இறுக்கினால் போதும். குறடு வேண்டவே வேண்டாம்.

பூச்சு உரிவதை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்றால், உயர் மீடிறன் மின்னோட்டம் உலோகத்தின் உள்ளே போவதில்லை, மேற்தோலில் மட்டும் ஓடுகிறது. 1 கிகாஹேர்ட்ஸில் செம்பில் அந்த ஆழம் சுமார் 2 மைக்ரோமீற்றர், அதாவது ஒரு மில்லிமீற்றரை ஐந்நூறாகக் கிழித்ததில் ஒரு பங்கு. உங்கள் டிஷ் வயரின் நடுக்கம்பி பெரும்பாலும் செம்பு பூசிய இரும்புதான், அது வேலை செய்வதும் இதனால்தான், அலை அந்தச் செம்புத் தோலோடு போய்விடுகிறது. தோல் சுரண்டுப்பட்ட இடத்தில் மாரி ஈரம் ஏறினால் துருவும் ஏறும், கார்த்திகை மார்கழியில் படம் விட்டு விட்டு வருவதற்குக் கூரையில் இருக்கும் அந்தப் பின் ஒரு வழக்கமான காரணம்.

வன்னிக்கென்று இருக்கும் எதிரி புழுதி. ஆடி ஆவணிக் காற்றில் கிரவல் வீதிப் புழுதி மூடிய பெட்டிக்குள்ளும் போகும். அளவுக் கருவியின் வாசல்களுக்கு வரும் பிளாஸ்ரிக் மூடிகளை எறியாமல் போட்டு வையுங்கள். துடைப்பதென்றால் ஐசோபுரொபைல் அல்ககோல் தொட்ட, நூல் கொட்டாத துடைப்பான். வாயால் ஊதினால் புழுதி போகும், எச்சில் ஈரம் உள்ளே போய் இருந்துவிடும்.

இங்கே ஒரு சின்ன நிறுத்தம். கனெக்டர் பாதையின் ஒரு துண்டு, ஆகவே அதன் வடிவம் முக்கியம். ஆனால் கனெக்டர் மட்டும் எதையும் 50 ஓம் ஆக்கிவிடாது, முனையில் இருப்பதும் 50 ஆக இருக்க வேண்டும். வடிவத்தைக் காப்பாற்றுவது நீங்கள் பூட்டும் கைப்பக்குவம்.

## மற்றவர்கள், சுருக்கமாக

ஆங்கில எழுத்து N இன் பெயர் கொண்ட "என்" வகை பெரியது, திருகுவது, மழைக்கு அசையாது, 11 கிகாஹேர்ட்ஸ் வரை, நுட்பமாகச் செய்தது 18 வரை. ஸ்பெக்ட்ரம் அனலைசர் (எந்த மீடிறனில் எவ்வளவு சக்தி என்று காட்டும் கருவி) முகங்களிலும் வெளியில் நிற்கும் அன்ரெனாக்களிலும் காணலாம். இதிலும் 75 ஓம் உண்டு, ஆனால் பிஎன்சி போல் சாதுவில்லை. 75 ஓம் "என்" வகையின் நடுப்பின் மெல்லியது, 50 இன் தடித்த ஆண் பின்னை அதன் பெண்ணுக்குள் செலுத்தினால் விரல்கள் விரிந்து உடையும். பூட்டும்போது கொஞ்சம் இறுக்கமாக இருந்தது என்றுதான் தோன்றும். பிறகு அது எதையும் பிடிக்காது.

ரிஎன்சி என்பது திருகு போட்ட பிஎன்சி. எஃப் வகை நம் டிஷ் பின், 75 ஓம், கேபிளின் கம்பியே அதற்குப் பின். மலிவு, ஆனாலும் 2 கிகாஹேர்ட்ஸுக்கு மேலும் தாக்குப்பிடிக்கிறது, கேபிளின் வடிவத்தை அதிகம் கலைக்காததால்தான்.

3.5, 2.92, 2.4, 1.85, 1.0 என்று மில்லிமீற்றரில் பெயர் வைத்தவை அடுத்த கூட்டம். அந்த எண் வெளிச்சுவரின் உள்விட்டம். பாதை அகலமாக இருந்தால், ஒரு மீடிறனுக்கு மேல் அலை நேராக ஓடாமல் வேறு விதங்களிலும் ஓடத் தொடங்கிவிடும். அதைத் தடுக்கக் குழாயைச் சிறிதாக்கிக்கொண்டே போகிறார்கள். 3.5 க்கு 26.5 கிகாஹேர்ட்ஸ் தாராளம், 2.92 க்கு 40, 2.4 க்கு 50, 1.85 க்கு 67, 1.0 க்கு 110. சின்னதாக்கினால் தாங்கும் சக்தி குறையும், அதனால்தான் ஒலிபரப்புக் கோபுரங்களில் ஏறும் கேபிள்கள் மணிக்கட்டுத் தடிப்பில்கூட இருக்கின்றன. 3.5 உம் 2.92 உம் எஸ்எம்ஏயுடன் பூட்டும். பூட்டலாம் என்பதற்காக, பின் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மலிவு எஸ்எம்ஏ ஒன்றைப் பல்கலைக்கழகத்தின் 3.5 வாசலில் திருகிவிடாதீர்கள். நடுவில் இழந்தாலும் பரவாயில்லாத ஒரு அடப்டரை நிரந்தரமாகப் பூட்டி வைத்து, அதிலேயே கழற்றிப் பூட்டுவதுதான் வழக்கம்.

வைஃபை ரூட்டர் அன்ரெனாக்களில் இருப்பது ஆர்பி-எஸ்எம்ஏ. வெளித்திருகு எஸ்எம்ஏ போலவே, நடுவில் மட்டும் பின்னும் துளையும் இடம் மாறி. எஸ்எம்ஏயுடன் வடிவாகத் திருகுப்படும். ஒரு சோடியில் துளையும் துளையும் சந்தித்து நடுவில் தொடுப்பே இருக்காது, மறுசோடியில் பின்னும் பின்னும் முட்டி வளையும். லோரா அன்ரெனா வாங்கி "ரேஞ்ச் பத்து மீற்றர்தான் வருகுது" என்பவர்கள் முதலில் நடுவை எட்டிப் பாருங்கள்.

## அடப்டர் எதை மாற்றும், எதை மாற்றாது

கடைசியாக, நானோ விஎன்ஏயால் டிஷ் வயரை அளக்க விரும்புபவர்களுக்கு. விஎன்ஏ என்பது அலையை அனுப்பி எவ்வளவு தெறித்து வருகிறது என்று அளக்கும் கருவி. அதன் வாசல் 50 ஓம் எஸ்எம்ஏ, வயர் 75 ஓம் எஃப். எஸ்எம்ஏயில் இருந்து எஃபுக்கு ஒரு அடப்டர் வாங்கிப் பூட்டினால் திருகு பொருந்திவிடும். 75 அங்கே 50 ஆகாது. வாய்க்காலின் அகலம் மாறும் இடம் அடப்டருக்குள் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

அந்த எல்லையில் வோல்ற்றில் ஐந்தில் ஒரு பங்கு தெறிக்கும், சக்தியில் அது 4 சதவீதம். ரீவி பார்ப்பதற்கு 4 சதவீதம் ஒன்றுமே இல்லை, யாருக்கும் தெரியாது. அளப்பதற்கு அது பெரிய விஷயம், ஏனென்றால் வயரில் தேடும் பழுது அதைவிடச் சின்னத் தெறிப்பாக இருக்கலாம். இதற்கு இரண்டு வழி. ஒன்று, தடைகள் வைத்த பொருத்தி: 75 பக்கத்தில் இருந்து 43.3 ஓம் தொடராகவும், 50 பக்கத்தில் 86.6 ஓம் நடுவுக்கும் வெளிக்கும் குறுக்காகவும். இரண்டு பக்கமும் தத்தம் எண்ணையே காணும், ஆனால் 5.7 டெசிபெல், அதாவது சக்தியில் முக்கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவு, அதிலேயே சூடாகப் போய்விடும். மற்றது, அளவை 50 இலேயே எடுத்துவிட்டு, கணினி மென்பொருளில் 75 க்கு மாற்றிக் கணக்கிடுவது. செலவில்லை, நானென்றால் இதைத்தான் செய்வேன்.

எந்த வழி என்றாலும் கலிபிரேஷன், அதாவது தெரிந்த திறப்பு, குறுக்கு, முடிவுத்தடை ஆகியவற்றைப் பூட்டிக் கருவிக்குப் பூச்சியம் எது என்று காட்டும் வேலை, வயர் தொடங்கும் இடத்தில் நடக்க வேண்டும். கருவியின் வாசலில் செய்துவிட்டு அதன் பிறகு அடப்டரைச் செருகினால், வயரோடு சேர்த்து அடப்டரையும் அளந்துகொண்டிருப்பீர்கள். எஃப் முகத்தில் செய்வதற்கு ஒரு எஃப் பின்னுக்குள் 75 ஓம் தடை ஒன்றைச் சோல்டர் பண்ணி வைத்தால் முடிவுத்தடை ஆயிற்று, இன்னொன்றில் நடுவையும் உடலையும் இணைத்தால் குறுக்கு, மூன்றாவதற்கு ஒன்றும் பூட்டாமல் விட்டால் சரி. மென்பொருளில் அந்த முடிவுத்தடை 50 இல்லை, 75 என்று சொல்ல மறக்க வேண்டாம்.